மாஸ் லேண்டிங்: பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பேட்டரிக் கூடங்கள்

ஊருக்குப் பக்கத்தில் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பேட்டரிக் கூடம் வருகிறது என்றால் எல்லோரும் முதலில் கேட்பது "தீப்பிடிக்குமா?" என்றுதான். நியாயமான கேள்வி. ஆனால் "பிடிக்கலாம்" என்பதைத் தவிர அதற்கு நேர்மையான பதில் கிடையாது. "ஒன்று பிடித்தால் எத்தனையோடு நிற்கும்?" என்று கேட்க வேண்டும். தமிழ்நாட்டிலும் துணைமின் நிலையங்களை ஒட்டிப் பேட்டரிக் கூடங்கள் அமைக்க ஒப்பந்தப்புள்ளி கோரத் தொடங்கிவிட்டார்கள். அதனால் இது நம் கேள்வியும்தான்.

இதற்கு மிகத் தெளிவான விடை கலிஃபோர்னியாவின் மான்டெரே விரிகுடாக் கரையில், மாஸ் லேண்டிங் என்ற சின்ன ஊரில் கிடைக்கிறது. அங்கே பழைய எரிவாயு மின்நிலையத்தின் இரண்டு உயரமான புகைபோக்கிகளைச் சுற்றி இரண்டு நிறுவனங்கள் பேட்டரிக் கூடம் வைத்தன. ஊரும் காற்றும் நெடுஞ்சாலையும் ஒன்றேதான். வைத்த விதம்தான் வேறு.

விஸ்ட்ரா நிறுவனம், முன்பு டர்பைன்கள் ஓடிய பழைய கட்டடத்துக்குள்ளேயே பேட்டரிகளை அடுக்கியது. 300 மெகாவாட் திறன். 12 லட்சம் யூனிட் சேமிக்கலாம். புதிதாக நிலம் வேண்டாம், மழை வெயில் படாது, வெளியே சத்தமும் குறைவு. காகிதத்தில் பார்த்தால் நானும் இதைத்தான் தேர்ந்தெடுத்திருப்பேன். பக்கத்தில் பிஜி அண்ட் ஈ என்ற மின் நிறுவனத்தின் எல்க்ஹார்ன் கூடம். இது திறந்தவெளி. கான்கிரீட் மேடைகள் மேல் டெஸ்லாவின் 'மெகாபேக்' என்ற பெரிய பேட்டரிப் பெட்டிகள் 256 தனித்தனியாக நிற்கின்றன. 182.5 மெகாவாட், 7.3 லட்சம் யூனிட்.

இரண்டிலும் தீப்பிடித்தது. திறந்தவெளிக் கூடத்தில் 2022 செப்டம்பர் 20 அன்று. ஒரு பெட்டியின் கூரைத் திறப்பை மூடும் தகடு சரியாகப் பொருத்தப்படாததால் மழைநீர் உள்ளே போயிருந்தது. நெடுஞ்சாலையை அரை நாள் மூடினார்கள், சுற்றியிருந்தவர்களை ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொன்னார்கள். எரிந்தது ஒரே ஒரு பெட்டி. மீதி 255 தப்பின.

விஸ்ட்ராவின் கட்டடத்தின் கதை வேறு. 2021 செப்டம்பரிலேயே எச்சரிக்கை வந்தது. காற்றோட்டக் கருவி ஒன்றின் பேரிங் பழுதாகிப் புகைந்தது. அந்தப் புகையில் அணைப்பு அமைப்பு இயங்கிக் குழாய்களில் தண்ணீரைத் திறந்துவிட்டது. சில குழாய் இணைப்புகள் ஒழுகின. பேட்டரிகள் மேல் தண்ணீர் பட்டு ஷார்ட் சர்க்யூட் ஆகி, சுமார் 7 சதவீதம் கெட்டுப்போயின. நெருப்பை அணைக்க வைத்த தண்ணீரே சேதம் செய்தது. அடுத்த பிப்ரவரியில் அதே வளாகத்தில் விஸ்ட்ராவின் இன்னொரு கூடத்திலும் தண்ணீர் ஒழுகியது. அப்புறம் 2025 ஜனவரி 16 மதியம் பழைய கட்டடத்தில் உண்மையான தீ. சுமார் 1,200 பேர் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. தீயணைப்பு வீரர்கள் உள்ளே போகவில்லை, எரியவிட்டார்கள். அந்தக் கட்டடத்துப் பேட்டரிகளில் பாதிக்கு மேல் எரிந்தன. பிப்ரவரி 18 அன்று மறுபடியும் பற்றியது.

எரியவிட்டது அலட்சியம் இல்லை. பேட்டரிக்குள் இருக்கும் சிறு அலகான லித்தியம் செல் ஒன்று கட்டுமீறிச் சூடானால் தானே வெப்பத்தையும் எரியும் வாயுவையும் உண்டாக்கி அடுத்த செல்லையும் சூடாக்கும். தண்ணீர் பெரும்பாலும் பக்கத்துப் பெட்டியைக் குளிர்விக்கத்தான் உதவும். நடுவில் இடைவெளியே விடாமல் எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் வைத்தால் குளிர்விக்க எங்கே நிற்பது?

வேதியியலும் முக்கியம். அந்தக் கட்டடத்தில் இருந்தவை நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த வகை. இப்போது பரவலாக வரும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை இன்னும் அதிக வெப்பத்தில்தான் கட்டுமீறும்; நிக்கலும் கோபால்ட்டும் அதில் இல்லை. ஆனால் "இரும்பு பாஸ்பேட், பயமே இல்லை" என்று யாராவது ஊர்க் கூட்டத்தில் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதிலிருந்தும் ஹைட்ரஜன் வெளியேறும். மூடிய பெட்டிக்குள் தேங்கினால் வெடிக்கும். 2019 ஏப்ரலில் அரிசோனாவில் அடைபட்ட கொள்கலனில் (அது நிக்கல் வகை) பேட்டரி வாயு தேங்கியிருந்தது. கதவைத் திறந்த தீயணைப்பு வீரர்கள் வெடிப்பில் படுகாயமடைந்தார்கள்.

திறந்தவெளி என்றாலே பாதுகாப்பு என்றும் சொல்ல மாட்டேன். 2021 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் ஜீலாங் அருகே ஒரு மெகாபேக் எரிந்தபோது, பின்பக்கம் 15 சென்டிமீட்டர் தள்ளியிருந்த இன்னொன்றுக்கும் தீ தாவியது. பலத்த காற்று தீநாக்கை அதன் கூரைமேல் சாய்த்துவிட்டது. அதனால் இடைவெளி எத்தனை அடி, எந்தக் காற்றில் சோதித்தார்கள், அந்த அறிக்கை எங்கே என்று கேட்டு வாங்குங்கள்.

"பேட்டரி எதற்கு, தண்ணீரை மேலே ஏற்றிச் சேமிக்கலாமே" என்பவர்களுக்கு ஆனைமலையின் கடம்பாறை நல்ல உதாரணம். 400 மெகாவாட் நிலையம், 1980களிலிருந்து ஓடுகிறது. ஆனால் அதற்கு மேலே ஒரு அணை, கீழே ஒரு அணை, நடுவில் மலை வேண்டும். சமவெளித் துணைமின் நிலையத்துக்கு அது போட்டியே இல்லை.

சத்தம் பெரும்பாலும் குளிர்விக்கும் விசிறிகளுடையது. இரவில் எத்தனை டெசிபல் என்று எழுத்தில் கேட்டால் போதும். ஆயுள் முடிந்த பேட்டரியை யார் செலவில் எடுப்பார்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.

இரண்டில் எது என்றால், என் ஓட்டு தயங்காமல் இடைவெளி விட்ட திறந்தவெளிப் பெட்டிகளுக்கு. கட்டடத்துக்குள் அடுக்கும் திட்டத்தை ஊர் எதிர்த்தால் அதுவும் சரிதான்.

இன்னொன்றும் உண்டு. மாஸ் லேண்டிங் தீக்குப் பிறகு அருகிலுள்ள சதுப்பு நிலத்தின் மேல்மண்ணில் நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் பல மடங்கு கூடியிருப்பதை அங்குள்ள கடல் ஆய்வுக்கூடத்தார் சில நாட்களிலேயே சொல்ல முடிந்தது. காரணம், தீக்கு முன்பே பல ஆண்டுகளாக அதே இடத்து மண்ணை அவர்கள் அளந்து வைத்திருந்தார்கள். நம் ஊரில் கூடத்துக்கு முதல் கான்கிரீட் போடும் முன்பே கிணற்றுத் தண்ணீரையும் வயல் மண்ணையும் சோதித்து, அறிக்கையின் ஒரு நகலை ஊராட்சி அலுவலகத்தில் வைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.