பெலாஞ்சரும் ஸ்மித்தும்: கையுறையால் வாழ்ந்த இருவர்

பேஸ்பாலில் இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு (ஓடித் தொட வேண்டிய தளங்களுக்கு) இடையே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பின் பெருமை பந்தைத் தடுப்பதில்தான் என்பதற்கு அமெரிக்காவின் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் மார்க் பெலாஞ்சரும் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் ஓஸி ஸ்மித்தும் சான்றுகள். பெலாஞ்சரின் மட்டையடிச் சராசரி குறைவு, .228; 18 பருவங்களில் 20 ஹோம் ரன்கள் (ஒரே அடியில் எல்லா பேஸ்களையும் சுற்றிவரும் ஓட்டங்கள்) மட்டுமே. ஆயினும், தரையோடு வரும் பந்தை ஆரவாரமின்றி, அது வருமிடத்தில் முன்பே நின்றவர்போல அள்ளிய அவருக்கு சிறந்த தடுப்பாட்டத்துக்கான கோல்டு குளோவ் விருதுகள் 8 கிடைத்தன. ஸ்மித்தோ வித்தைக்காரர்: 1978இல், சான் டியாகோ அணிக்கு ஆடியபோது, பாய்ந்து விழும் நிலையில், திசைமாறித் துள்ளிய பந்தை வெறுங்கையால் பிடித்து எறிந்து ஆட்டக்காரரை வெளியேற்றினார். அவருடையவை 13 விருதுகள்; சராசரி .262, திருடிய பேஸ்கள் (எதிரணி அசரும் நேரத்தில் ஓடிப் பிடித்தவை) 580. 2002இல் தலைசிறந்த வீரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற அந்த ஓட்டமும் துணைநின்றிருக்கும். கையுறையை மட்டும் கணக்கிட்டால், சற்றுப் பிடிவாதமாகவே, பெலாஞ்சரைத் தேர்ந்தெடுப்பேன்.