பழைய கண்ணாடியிழைத் தூண்டில் கழிகள்: வொண்டர்ராடா, ஃபென்விக்கா, இன்றைய புதுக்கழியா?

ஏறத்தாழ 1950 முதல் 1975 வரை அமெரிக்க ஓடைகளில் ஃப்ளை முறையில் டிரவுட் மீன் பிடித்தவர்களின் கையில் பெரும்பாலும் இருந்தது ஃபைபர்கிளாஸ் எனப்படும் கண்ணாடியிழையால் ஆன கழி. அதற்கு முன் மூங்கில். அதற்குப் பின் கிராஃபைட் என்ற பெயரில் விற்கும் கார்பன் இழை. இடைப்பட்ட கால் நூற்றாண்டின் கழிகளைத் தேடிப் பிடித்து, புதுப்பித்து, மீண்டும் ஓடைக்கு எடுத்துச் செல்வோர் இன்று பலர் இருக்கிறார்கள். அந்த ஈர்ப்பில் எவ்வளவு பங்கு பழைய நினைவுக்கு உரியது, எவ்வளவு பங்கு கழியின் குணத்துக்கு உரியது என்று பிரித்துப் பார்க்காமல் வாங்குபவர் தமக்குப் பொருந்தாத கழியையே வீட்டுக்குக் கொண்டுவருவார்.

முதலில் கழியின் குணம். ஃப்ளை முறையில் கொக்கியில் இருப்பது இறகும் நூலும் கட்டிச் செய்த, எடையே இல்லாதது போன்ற பொய்ப்பூச்சி. லைனை இழுத்துச் செல்ல ஈயக்குண்டு எதுவும் கிடையாது. தடித்த பூச்சுள்ள லைனின் எடைதான் கழியை வளைக்கிறது. வளைந்த கழி நிமிரும்போது லைன் முன்னே பறக்க, பூச்சி அதன் பின்னே போகிறது. லைனின் எடையை ஓர் எண்ணால் குறிப்பார்கள்: ஐந்தாம் எண் லைனின் முதல் முப்பது அடி 140 கிரெய்ன், அதாவது ஏறக்குறைய ஒன்பது கிராம். அப்பலாச்சிய மலைகளின் குறுகிய ஓடை ஒன்றில், மரக்கிளைகளுக்கு அடியில், கழிக்கு வெளியே பதினைந்து அடி லைன் மட்டும் இருக்கும்போது கழியை வளைக்கக் கிடைக்கும் எடை நான்கரை கிராமைக்கூட எட்டாது. விறைப்பான கிராஃபைட் கழி இந்தச் சிறு எடையைப் பொருட்படுத்தாது. வீசுபவர் தம் கைவலுவால் அதை ஈடுகட்ட வேண்டியிருக்கும். கண்ணாடியிழைக் கழியோ அதே எடைக்குப் பாதிக் கழிவரை வளைந்து கொடுத்து, தானாகவே வீச்சை முடித்துவைக்கிறது.

இதற்குக் காரணம் பொருளிலேயே இருக்கிறது. வழக்கமான ஈ-வகைக் கண்ணாடியிழையின் மீள்மை எண், அதாவது விறைப்பின் அளவு, சுமார் 72 ஜிகாபாஸ்கல். கழிகளில் பயன்படும் சாதாரணக் கார்பன் இழையினுடையது சுமார் 230. எடையிலும் கண்ணாடிக்குப் பின்னடைவுதான்: ஒரு கன சென்டிமீட்டர் கண்ணாடியிழை இரண்டரை கிராமுக்குச் சற்று மேல், கார்பன் இழை 1.8 கிராம். ஆகவே ஒரே விறைப்பை எட்டக் கண்ணாடியிழைக் கழி அதிகத் தடிமனும் அதிக எடையும் கொண்டிருக்க வேண்டும். ஏழு, ஏழரை அடிக் கழியில் இது தெரியாது. எட்டரை அடிக்குப் போனால் நுனி கனத்து, வீச்சு முடிந்த பிறகும் ஆடிக்கொண்டிருக்கும். மொன்டானாவின் அகன்ற ஆறுகளில், எதிர்க்காற்றில், அறுபது எழுபது அடி வீச வேண்டியவருக்குக் கிராஃபைட்டுக்கு மாற்று இல்லை என்பதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் கண்ணாடியிழை முறிவதற்கு முன் கார்பனைப் போல இரு மடங்குக்கும் மேல் நீளக்கூடியது. மீன் திடீரெனத் துள்ளும்போது, பூச்சியைக் கட்டியிருக்கும் மெல்லிய தங்கூசி நரம்பு அறுந்துவிடாமல் காப்பதும், கல்லில் இடித்த கழி பல நேரங்களில் பிழைத்துக்கொள்வதும் அதனால்தான்.

மூங்கிலோடு ஒப்பிடுவது வேறு வகையான கேள்வி. நல்ல மூங்கில் கழி என்பது ஆறு முக்கோணக் கீற்றுகளைச் சீவி ஒட்டிய கைவினை. அதற்கு உகந்த டாங்கின் மூங்கில் சீனாவின் குவாங்டாங் பகுதியில் விளைவது. 1950-இன் இறுதியில் அமெரிக்கா சீனாவோடு வணிகத்தைத் தடைசெய்தபோது அந்த வரத்து நின்றுபோனது. இருப்பு வைத்திருந்த சில பட்டறைகள் மட்டும் தாக்குப்பிடித்தன. கண்ணாடியிழை வென்றதற்கு அதன் சிறப்பு மட்டும் காரணமில்லை. எதிராளி களத்திலேயே இல்லை என்பதும் ஒரு காரணம். இன்று இரண்டையும் அருகருகே வீசிப் பார்ப்பவர் மூங்கிலில் ஓர் ஆழ்ந்த, நிதானமான ஓட்டத்தை உணரலாம். ஆனால் அந்த விலையையும் பராமரிப்பையும் ஏற்க மனமில்லாதவருக்கு, அந்த ஓட்டத்தின் பெரும்பகுதியைக் கண்ணாடியிழை மிகக் குறைந்த செலவில் தந்துவிடுகிறது என்பதே என் கணிப்பு.

இனி பழையவற்றுக்குள்ளேயே உள்ள போட்டி. நினைவின் பக்கம் நிற்பது ஷேக்ஸ்பியர் நிறுவனத்தின் வொண்டர்ராட். ஒஹையோவின் டொலிடோவில் பிளாஸ்கான் என்ற பிசின் நிறுவனத்தில் பணியாற்றிய ஆர்தர் ஹோவால்ட், போர்க்காலத்தில் தம் மூங்கில் கழியின் நுனி ஒடிந்துபோக, கண்ணாடியிழையையும் பிசினையும் கொண்டு ஒன்றைச் செய்து பார்த்ததிலிருந்து அந்தக் கழி பிறந்தது. சுருளாகச் சுற்றிய உள்ளுடலின் மேல் நீளவாக்கில் இழைகளைப் பரப்பும் அவருடைய முறையை மிச்சிகனின் கலமசூவில் இருந்த ஷேக்ஸ்பியர் எடுத்துக்கொண்டு, 1940-களின் பிற்பகுதியில் சந்தைக்குக் கொண்டுவந்தது. வெள்ளை நிறக் கழி, துண்டுகளைச் சேர்க்கும் உலோகப் பூண், நிறையத் தயாரிப்பு, எளிய விலை. சியர்ஸ் கடைகளில் பேஸ்பால் வீரர் டெட் வில்லியம்ஸின் பெயரில் விற்ற கழிகளும் இந்த வரிசையில் வருபவை. அப்பா வாங்கிக் கொடுத்த முதல் கழி என்று இன்று அறுபதைக் கடந்த அமெரிக்கர் ஒருவர் சொன்னால், அவர் சொல்வது அநேகமாக இவற்றில் ஒன்றாகவே இருக்கும். வீச்சில் இவை நடுத்தரம். குறிப்பாக எட்டு, எட்டரை அடி வொண்டர்ராட் கனமாகவும் சோம்பலாகவும் இருக்கும். அதைப் புகழ்பவர் பெரும்பாலும் தம் பன்னிரண்டாம் வயதையே புகழ்கிறார்.

வீச்சின் பக்கம் நிற்பது ஃபென்விக். வாஷிங்டன் மாநிலத்தின் ஃபென்விக் ஏரியின் பெயரைத் தாங்கிய இந்த நிறுவனத்துக்குக் கழிகளை வடிவமைத்த ஜிம் கிரீன், வீச்சுப் போட்டிகளில் பெயர் பெற்றவர். பழுப்பு நிற ஃபென்விக் கழிகளின் பெயரிலேயே விவரம் இருக்கிறது: எஃப்எஃப் 756 என்றால் ஏழரை அடி, ஆறாம் எண் லைன். ஆனால் உண்மையான வேறுபாடு இரண்டு துண்டுகளும் சேரும் இடத்தில் இருக்கிறது. உலக்கைப் பூண் போல, பழைய கழிகளில் பித்தளையோ நிக்கல் வெள்ளியோ கொண்டு செய்த பூண் ஒன்று நடுவில் இருக்கும். அது வளையாது. அந்த இரண்டு மூன்று அங்குலத்தில் கழியின் வளைவு ஒடிந்து, அதற்கு மேலும் கீழும் மட்டுமே தொடரும். போதாததற்கு அதன் எடை கழியின் நடுப்பகுதியில் தொங்கும், நாளடைவில் தேய்ந்து கழன்றாடும். ஃபென்விக்கின் ஃபெரலைட் இணைப்பில் உலோகமே இல்லை. கண்ணாடியிழையோடு கண்ணாடியிழையே பொருந்துவதால் வளைவு நுனியிலிருந்து பிடிவரை தடையின்றி ஓடுகிறது. இன்று விற்கும் ஏறக்குறைய எல்லா ஃப்ளை கழிகளிலும் உலோகப் பூண் இல்லாதிருப்பது இந்தப் பாதையின் தொடர்ச்சியே. ஒரு வொண்டர்ராடையும் ஓர் எஃப்எஃப் 756-ஐயும் ஒரே லைனோடு மாற்றி மாற்றி வீசுபவர், வேறெதையும் கவனிக்காவிட்டாலும் இதை உணராமல் இருக்க முடியாது.

டென்வரின் ஃபிலிப்சன் கழிகளும் இந்தத் தரத்தில் வைக்கத்தக்கவை. உலோகப் பூண் இருந்தும் அவற்றின் எப்பாக்சி பிசின் உடல் விறுவிறுப்பாகச் செயல்படும். ரஸ் பீக் பசடீனாவில் கையால் முடித்த கழிகள் சேகரிப்போரின் உலகத்தைச் சேர்ந்தவை. மீன்பிடிக்க வாங்குபவர் அவற்றைக் கடந்துபோகலாம்.

ஒரு முரணையும் சொல்ல வேண்டும். கண்ணாடியிழையைச் செம்மையின் உச்சத்துக்குக் கொண்டுசென்ற அதே ஃபென்விக்தான் 1970-களின் தொடக்கத்தில் எச்எம்ஜி என்ற கிராஃபைட் கழியை வெளியிட்டு அதன் காலத்தை முடித்துவைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் கண்ணாடியிழை மலிவுக்கடைப் பொருளாகத் தாழ்ந்தது. பொருள் தேர்ச்சி பெற்ற கட்டத்திலேயே கைவிடப்பட்டதால், அதை இழந்த உணர்வு ரசிகர்களிடம் கூடுதலாக இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அப்படியானால் இன்று செய்யப்படும் கண்ணாடியிழைக் கழிகள்? ஸ்காட்டின் எஃப் வரிசை, ஆர்விஸின் சூப்பர்ஃபைன் கிளாஸ், நியூசிலாந்தில் தோன்றிய எபிக் ஆகியவை மேம்பட்ட இழையும் பிசினும் கொண்டு, ஒல்லியாகவும் இலேசாகவும் வருகின்றன. நுனி ஆட்டம் குறைவு. மூன்றாம், நான்காம் எண் லைனுக்கு ஏற்ற மென்மையான கழிகள் பழையவற்றில் அரிது, இவற்றில் எளிதாகக் கிடைக்கும். வீச்சு ஒன்றே அளவுகோல் என்றால் இவையே முந்தும், ஃபென்விக்கையும் சேர்த்துச் சொல்கிறேன். எனினும் விலை கிராஃபைட்டோடு போட்டியிடுவது. பழைய ஃபென்விக் அதில் ஒரு பங்குக்குக் கிடைக்கும். இதற்கு இடையில் ரைட் அண்ட் மெக்கில் நிறுவனத்தின் மஞ்சள் நிற ஈகிள் கிளா ஃபெதர்லைட்டை மறந்துவிடக் கூடாது: அரை நூற்றாண்டுக்கு முந்தைய தோற்றத்தோடு இன்றும் புதிதாகவே, மிகக் குறைந்த விலையில் விற்கிறது. பழைமையின் சுவையை ஒருமுறை பார்க்க விரும்புபவர் அதிலிருந்து தொடங்குவது நல்லது.

எனவே சிற்றோடைக்குப் பழைய கழியே வேண்டும் என்பவருக்கு ஏழரை அடிக்கு மேற்படாத ஃபென்விக்கையும், குடும்ப நினைவுக்காக வாங்குபவருக்குக் கூச்சமின்றி வொண்டர்ராடையும் பரிந்துரைப்பேன். எதை வாங்கினாலும் நுனித் துண்டும் அடித்துண்டும் நீளத்தில் ஒத்திருக்கின்றனவா என்று அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். நுனி சில அங்குலம் குறைந்திருந்தால் ஒடிந்து மீண்டும் வளையம் பொருத்தப்பட்டது என்று பொருள், அதன் வீச்சு மாறியிருக்கும். லைன் ஓடும் வளையங்களில் பள்ளம் விழுந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம், தளர்ந்த இணைப்பை மாற்றுவது எளிதல்ல. 1960-களுக்கு முந்தைய கழியில் லைன் எண்ணுக்குப் பதில் எச்டிஎச், எச்சிஎச் போன்ற எழுத்துக்கள் இருக்கும். முதலாவதை இன்றைய ஐந்தாம் எண்ணாகவும் இரண்டாவதை ஆறாம் எண்ணாகவும் கொண்டு, இரு முனையும் ஒரே சீராகக் குறுகும் லைனை முதலில் போட்டுப் பார்ப்பது பொருந்தும்.