பிள்ளைகள் பணத்துக்கு உறவினர் டிரஸ்டியா? வருடா வருடம் கணக்குக் கேளுங்கள்

என் கணவர் இறந்த மறுவருடம், 2016-இல், மாமனார் அரை ஏக்கர் நஞ்சையை விற்று வந்த 18 லட்சத்தை என் இரண்டு பிள்ளைகளுக்காக டிரஸ்டாக எழுதி வைத்தார். டிரஸ்டிகள், அதாவது பணத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பாளர்கள், இரண்டு பேர்: மாமனாரின் தம்பி (சின்ன மாமா என்போம்), குடும்பத்துக்கு வேண்டிய ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். படிப்புக்கு எடுக்கலாம், சின்னவனுக்கு 21 வயதானதும் மிச்சத்தை இருவருக்கும் சமமாகக் கொடுத்துவிட வேண்டும். அதுவரை பணம் பேங்க் டெபாசிட்டில்தான் இருக்க வேண்டும் என்று பத்திரத்திலேயே இருந்தது.

2018-இல் மாமனார் காலமானார். அதற்கப்புறம் ஐந்து வருடம் நான் கணக்கே கேட்கவில்லை. கேட்டால் சின்ன மாமா வருத்தப்படுவாரோ என்று தயக்கம். பொங்கலுக்குப் பிள்ளைகளுக்குத் துணியோடு வருவார், "பணம் பத்திரமா இருக்கும்மா" என்பார். சரி என்று இருந்துவிட்டேன்.

2023-இல் மகளுக்குக் கல்லூரி ஃபீஸ் கட்ட வேண்டி வந்தது. இன்றைக்கு, நாளைக்கு என்று இரண்டு மாதம் இழுத்தார். நேரில் போய் உட்கார்ந்த பிறகு ஒரு நோட்டைக் காட்டினார். எழுதியிருந்தது ஒரே பக்கம்: "கடை 11, ஃபைனான்ஸ் 4, பேங்க் 3". எந்தத் தேதியில் போட்டது, வட்டி எவ்வளவு வந்தது, எதுவும் இல்லை. நடுவில் மடித்த புரோநோட்டு, அதாவது கடனைத் திருப்பித் தருவேன் என்று எழுதிக் கொடுக்கும் சீட்டு, ஒன்று. ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கடன் வாங்கியவராகக் கையெழுத்துப் போட்டிருந்தது அவர். டிரஸ்ட் சார்பில் கடன் கொடுத்தவரும் அவரே. டெபாசிட்டை உடைத்து 11 லட்சத்தைத் தன் ஹார்டுவேர் கடையில் போட்டிருக்கிறார். புரோநோட்டின் தேதி 2019. மூன்று வருடம் தாண்டிவிட்டதால் அதை வைத்து வழக்குப் போடவும் முடியாது என்று அவரே சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது.

நல்லவேளை, அது பாதி உண்மைதான். புரோநோட்டுக்கு மூன்று வருடக் கெடு உண்டு. ஆனால் டிரஸ்டியிடமிருந்து டிரஸ்ட் சொத்தை மீட்கவும் அதற்குக் கணக்குக் கேட்கவும் போடும் வழக்குக்குக் காலக்கெடுவே கிடையாது, காலவரையறைச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது என்றார் வக்கீல். இந்த மாதிரி குடும்ப டிரஸ்டுகளுக்கு 1882-ஆம் வருட இந்திய டிரஸ்ட் சட்டம் பொருந்தும். (கோயில், தர்ம டிரஸ்டுகளுக்கு வேறு சட்டங்கள்.) பத்திரம் அனுமதித்த இடத்திலோ அரசு அறிவித்த முதலீடுகளிலோதான் பணத்தைப் போட வேண்டும். டிரஸ்ட் சொத்தைத் தன் லாபத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, அது 51-ஆவது பிரிவு. மீறித் தன் வியாபாரத்தில் போட்டால், ஆறு மாதத்துக்கொரு முறை கூட்டிய கூட்டு வட்டியா, வியாபாரத்தில் வந்த நிகர லாபமா, எது வேண்டும் என்று பயனாளியே (யாருக்காக டிரஸ்ட் எழுதப்பட்டதோ அவரே) தேர்ந்தெடுக்கலாம்.

"ஃபைனான்ஸ்ல போட்ட நாலு லட்சத்துக்கு நல்ல வட்டி வந்திருக்கு, கடை நஷ்டத்துக்கு அதைக் கழிச்சுக்கலாம்" என்றார் சின்ன மாமா. அதுவும் செல்லாது. ஒரு மீறலில் வந்த லாபத்தைக் காட்டி இன்னொரு மீறலின் நஷ்டத்தை ஈடுகட்ட 24-ஆவது பிரிவு விடாது.

எனக்கு அதிகம் வலித்தது ஆசிரியர் விஷயம். டெபாசிட்டை உடைத்த படிவத்தில் அவர் கையெழுத்தும் இருந்தது. "அவர் கேட்டார், நம்பிப் போட்டேன்" என்றார். அவர் ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் பணத்தைக் கூட்டு டிரஸ்டி கையில் விட்டுவிட்டு, என்ன ஆனது என்று பார்க்காமல் இருந்தால் அவரும் பொறுப்பாளிதான். யாராவது உங்களை டிரஸ்டியாகச் சேர்க்கிறேன் என்றால், மரியாதைக்காகத் தலையாட்டாதீர்கள்.

வக்கீல் நோட்டீஸ் போன பிறகு ஐந்து லட்சம் வந்தது. அதில்தான் ஃபீஸ் கட்டினோம். மீதிக்கு வழக்கு நடக்கிறது.

கணக்குக் கேட்பது சண்டைக்குப் போவது இல்லை. 19-ஆவது பிரிவின்படி டிரஸ்டி சரியான கணக்கு வைத்திருக்க வேண்டும், பயனாளி நியாயமான நேரத்தில் கேட்டால் முழு விவரமும் தர வேண்டும். பிள்ளை மைனர் என்றால் பிள்ளையின் சார்பில் நீங்கள் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள், பாஸ்புக் நகலும் டெபாசிட் ரசீதின் நகலும் வாங்குங்கள். முதலில் டிரஸ்ட் பத்திரத்தின் நகல் உங்கள் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். எங்களுடையது மாமனாரின் பீரோவில், பழைய பட்டாக்களுக்கு அடியில் கிடந்தது. "பேங்க் டெபாசிட்டில் மட்டும்" என்ற அந்த ஒரு வரியைப் பிடித்துத்தான் வக்கீல் நோட்டீஸையே எழுதினார்.