கொடியம்பாளையம் மணல்மேடு: ஐந்துக்கு நாலரை

நாங்கள் தங்கிவிட்டு வந்த கடலோர விடுதியிலிருந்து மூன்று முறை குறுஞ்செய்தி வந்துவிட்டது. எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று கேட்கிறார்கள். அவர்களுக்குப் பதில் எழுத மனம் வரவில்லை. கையில் இருக்கும் நட்சத்திரங்களை வேறோர் இடத்துக்குக் கொடுத்துவிடுகிறேன்.

அந்த விடுதிக்குப் போனது மகளின் ஆசை. திருக்கடையூரில் என் அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரண்டு இரவுக்கு 26,000 ரூபாய் கட்டிவிட்டாள். அறையில் துண்டை அன்னப்பறவையாக மடித்து வைத்திருந்தார்கள். அதைக் கலைக்க மனமில்லாமல் என் மனைவி முதல் நாள் புடவைத் தலைப்பிலேயே முகம் துடைத்துக்கொண்டாள். கடல் தெரியும் அறை என்றார்கள், தெரிந்தது. ஆனால் ஜன்னல் திறக்காது. கரைக்கு இறங்கினால் கயிறு, சிவப்புக் கொடி, விசில் ஊதும் பையன். காலையில் மணலை வாரியால் சீவிவிடுகிறார்கள். அங்கே ஒரு நண்டு வளையைக்கூட நான் பார்க்கவில்லை. பொரித்த சங்கரா மீன் 850 ரூபாய். அதுவும் ஆறிப்போயிருந்தது. இதற்கு மேல் அந்த விடுதியைப் பற்றி எழுத எனக்கு எதுவும் இல்லை.

சீர்காழிப் பக்கம் 31 வருடம் நில அளவையராகச் சங்கிலி இழுத்தவன் நான். கொள்ளிடம் கடலில் விழும் இடத்தில் தென்கரையில் பழையாறு மீன்பிடித் துறைமுகம், வடகரையில் கொடியம்பாளையம். ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கங்களில் ஆறும் உப்பங்கழியும். தீவு என்றே சொல்லலாம். ஊர் இருப்பது மயிலாடுதுறை மாவட்டத்தில். ஆனால் தரைவழியாகப் போக வேண்டுமானால் கொள்ளிடம் பாலம் தாண்டி, கடலூர் மாவட்டத்துச் சிதம்பரம் போய், அங்கிருந்து கிழக்கே திரும்பி வர வேண்டும். பழையாற்றிலிருந்து பார்த்தால் எதிரே தெரிகிற ஊருக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் சுற்று. பட்டா மாறுதலுக்காக இந்த ஊர்க்காரர்கள் சிதம்பரம் வழியாகச் சுற்றிக்கொண்டு சீர்காழித் தாலுகா அலுவலகத்துக்கு வந்து, அதிகாரி முகாமுக்குப் போய்விட்டார் என்று கேட்டுத் திரும்பிப் போனதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆற்றின் குறுக்கே பாலம் வேண்டும் என்று அவர்கள் கேட்பது முழுக்க நியாயம்.

விடுதியிலிருந்து வந்த மறுவாரம், மாசி மாதத்தில், பழையாற்றில் தெரிந்தவர் ஒருவரின் ஃபைபர் படகில் அக்கரைக்குப் போனோம். காசு வேண்டாம் என்றார். டீசலுக்காவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று சட்டைப் பையில் திணித்தேன். “அண்ணி, நடுவில் எழுந்து நிற்காதீர்கள்” என்று மட்டும் என் மனைவியிடம் இரண்டு முறை சொன்னார். அவள் ஒரு முறை எழுந்து நின்றாள்.

கரை இறங்கிக் கொஞ்சம் நடந்தால் மணல்மேடு. இங்கே எழுத வந்ததே அதைப் பற்றித்தான். கடலை ஒட்டி அலை அலையாக மேடுகள். கடல் பக்கச் சரிவில் அடும்பங்கொடி படர்ந்து ஊதாப் பூ பூத்திருந்தது. உச்சியில் ராவணன் மீசை என்னும் புல். பெயருக்குத் தகுந்த முள். வெறுங்காலோடு மிதித்தவர்களுக்குத் தெரியும். இந்த இரண்டும்தான் மணலைப் பிடித்து வைக்கின்றன. கிழக்கே கடலிலிருந்து வீசும் கொண்டல் காற்று அள்ளி வரும் மணல் கொடியில் தட்டி விழுகிறது. விழுந்த மணலுக்கு மேலே கொடி மறுபடி ஏறுகிறது. இப்படியே உயர்ந்த மேடு அது. பெய்கிற மழையையும் இந்த மணல் உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும். நல்ல தண்ணீர் எடை குறைந்தது என்பதால் அடியில் இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேல் மிதந்து நிற்கும். கடலோரத்தில் மேட்டை வெட்டி மட்டமாக்கியவர்கள் பிறகு குடிநீர் லாரிக்குக் காத்திருப்பது இதனால்தான்.

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு சுனாமி குடியிருப்புகளுக்கு இடம் அளக்கப் போனவர்களில் நானும் ஒருவன். அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் இறந்தவர்கள் ஆறாயிரத்துக்கும் மேல். அப்போது பார்த்த ஊர்களைப் பற்றி நான் வீட்டில் பேசுவதில்லை. இந்த முறை கொடியம்பாளையத்தில் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டு ஒரு வீட்டு வாசலில் நின்றபோது, அந்த வீட்டு அம்மாள் மேட்டைக் கையால் காட்டி, “அன்றைக்கு எங்களுக்கும் கடலுக்கும் நடுவில் நின்றது அதுதான்” என்றார். தண்ணீர்ச் செம்பை நீட்டியபடி, ஏதோ பக்கத்து வீட்டுப் பெரியவரைக் காட்டுகிற மாதிரி சொன்னார்.

பிறகு “நண்டு சாப்பிடுவீர்களா அக்கா?” என்று என் மனைவியிடம் கேட்டார். கழிமுகத்துக் கல் நண்டு, மிளகு தூக்கலாகக் குழம்பு. விலை கேட்டதற்குக் கோபித்துக்கொண்டார். கடைசியில் அவருடைய பேரக் குழந்தையின் கையில் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தோம். இதைப் படித்துவிட்டு யாரும் அங்கே போய்ச் சாப்பாடு கேட்காதீர்கள். அது ஓட்டல் இல்லை, அவர்கள் வீடு.

அன்றைக்குக் கடற்கரையில் எங்களைத் தவிர இருந்தவர்கள் வலை சரிசெய்துகொண்டிருந்த நான்கு பேர். ஈர மணலில் நண்டுகள் போட்ட உருண்டைக் கோலம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை. பங்குனி ஆமை எனப்படும் கடலாமைகள் கரையேறி முட்டையிடும் காலமும் இதுதான். நாங்கள் எதையும் பார்க்கவில்லை. பார்த்தாலும் டார்ச் அடிக்கக் கூடாது, அருகில் போகவும் கூடாது. என் மனைவி புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு மணி நேரம் அலையில் நின்றாள். விசில் ஊத ஆளில்லை. நான் மேட்டின் மேல் துண்டை விரித்துப் படுத்தேன். அன்னப்பறவையாக இருந்தறியாத, கோஆப்டெக்ஸ் ஈரிழைத் துண்டு.

அரை நட்சத்திரம் ஏன் போனது? ஆறு கொண்டுவந்து தள்ளும் பிளாஸ்டிக். அதோடு, வெளியூர்க்காரர்கள் உடைத்துப் போட்ட மது பாட்டில்கள். நிழல் கிடையாது, கழிப்பறை கிடையாது. தண்ணீர், குடை, செருப்பு மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். முகத்துவாரத்தில் குளிக்காதீர்கள், மணல் திட்டு திடீரென்று ஆழத்தில் முடியும், நீரோட்டம் இழுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் போகாதீர்கள். மேட்டூர் நிரம்பி முக்கொம்பிலிருந்து உபரி நீரைக் கொள்ளிடத்தில் திறந்துவிட்டிருந்தாலும் போகாதீர்கள். அந்தத் தண்ணீரெல்லாம் இந்த வாய் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது.

இந்த இடத்தையும் சுற்றுலாத் தலமாக ‘மேம்படுத்த’ வேண்டும் என்று டீக்கடையில் ஒரு தம்பி சொன்னார். பாலம் கட்டட்டும், ஆஸ்பத்திரி வரட்டும், பஸ் கூடுதலாக விடட்டும் என்றேன். மேட்டின் மேல் குடில் கட்டுவது வேறு கதை. 1991-இல் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்தது. இன்றைய விதிகளின்படி மணல்மேடும் அலையாத்திக் காடும் ஆமை முட்டையிடும் கரையும் பொதுவாகக் கட்டடத்துக்கு இடமில்லாத முதல் வகுப்பில் இருக்கின்றன. நான் சட்டம் பேசியதும் அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். ஓய்வு பெற்றும் இந்தப் பழக்கம் போகவில்லை.

மேட்டின் நீளத்தைக் காலடியால் அளந்து பார்த்தேன். பாதியில் என் மனைவி கூப்பிட்டதில் எண்ணிக்கை தவறிவிட்டது. பரணில் பழைய அளவு நாடா கிடக்கிறது. பங்குனிக்குள் அதை எடுத்துக்கொண்டு இன்னொரு முறை போக வேண்டும்.