3 மீட்டர் தடுப்பணைக்கு எது: பிளவு ஏணியா, புறவழி வாய்க்காலா?

இடிக்க முடிகிற அணையை இடித்துவிடுவதே மேல். அதற்கு ஈடான மீன்வழி, அதாவது மீன் அணையைத் தாண்டி ஆற்றில் மேலே ஏறக் கட்டித்தரும் பாதை, எதுவும் கிடையாது. பாசனத்துக்கோ குடிநீருக்கோ தேக்கியே ஆக வேண்டும் என்கிற 3 மீட்டர் தடுப்பணையில்தான் இந்தக் கேள்வியே எழும்.

செங்குத்துப் பிளவு ஏணி என்பது படிப்படியாக இறங்கும் தொட்டிகள், இடைச்சுவர் ஒவ்வொன்றிலும் நெட்டுக்கு ஒரு பிளவு. அதற்குக் குறைந்த இடமே போதும். தொட்டிக்குத் தொட்டி 20 செ.மீ. இறக்கம் வைத்தால் 15 பிளவுகள். தொட்டி 3 மீட்டர் நீளமென்றால் 45 மீட்டருக்குள் வேலை முடிந்துவிடும். பிளவு அடிவரை திறந்திருப்பதால் துள்ளத் தெரியாத, தரையொட்டி நீந்துகிற மீனும் ஏறும். அணையின் நீர்மட்டம் ஏறி இறங்கினாலும் ஓடும். இந்த ஒரு விஷயத்தில் அதை அடிக்க ஆளில்லை.

ஆனாலும் என் ஓட்டு, அணையைச் சுற்றி ஓடை போலக் கல் பதித்து வெட்டும் புறவழி வாய்க்காலுக்கே. காரணம் பராமரிப்பு.

20 செ.மீ. இறக்கத்தில் பிளவு வழியே பாயும் நீரின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர். ஒரு மரக்கிளை குறுக்கே சிக்கி, அதில் சருகு அடைந்து, அங்கே மட்டும் இறக்கம் 40 செ.மீ. ஆகிவிட்டால் வேகம் 2.8 மீட்டர். சிறு மீன் அதோடு நின்றுவிடும். மீதி 14 பிளவும் சுத்தமாக இருந்து பயனில்லை. அடைப்பு பல சமயம் நீருக்கடியில் இருக்கும், கரையிலிருந்து பார்த்தால் ஏணி நன்றாக ஓடுவதாகவே தோன்றும். தொட்டிச் சுவர்களில் அளவு குறித்துவைத்து, அடுத்தடுத்த இறக்கங்களை ஒப்பிட்டால்தான் பிடிபடும். பிறகு மேல்வாயில் பலகை போட்டு, உள்ளிருக்கும் மீன் தரைதட்டாதபடி மெதுவாக வடித்து, கூளத்தை இழுத்துப்போட வேண்டும். மீன் ஏறும் பருவமும் வெள்ளமும் பல ஆறுகளில் சேர்ந்தே வருவதால் இதைத் தள்ளிப்போடவும் முடியாது.

வாய்க்காலில் அதே கிளை சிக்கினால் தண்ணீர் கல்லைச் சுற்றி வேறு வழி பார்த்துக்கொள்ளும், மீனும் அப்படியே. 1:30 சரிவுக்கு 90 மீட்டர் நீளம் வேண்டும். சின்ன மீன் அதிகமென்றால் 1:50 வைத்து 150 மீட்டர். குறுக்குக் கல்வரிசை ஒவ்வொன்றிலும் இறக்கம் 10 செ.மீ. போதும். கல்லில் மூன்றில் ஒரு பங்காவது தரைக்குள் புதைய வேண்டும். அடியில் களிமண் படுகையும் அதன்மேல் சரளையும் போடாவிட்டால், கோடையில் நீர் கல்லுக்கடியில் நழுவி ஓட, மேலே வாய்க்கால் காய்ந்து கிடக்கும்.

இதன் பலவீனம் தலைமதகு, அதாவது அணைக்கு மேலே தண்ணீர் வாய்க்காலுக்குள் நுழையும் வாய். அங்கே நீர்மட்டம் அரை மீட்டர் ஆடினாலே ஒன்று வாய்க்கால் வறளும், இல்லையேல் கல்வரிசை அரித்துப்போகும். அதனால் வாயைக் கான்கிரீட்டில் கட்டி, பலகை செருகக் காடி விட்டுவைப்பது நல்லது. மின் உற்பத்திக்காக நீர்மட்டம் நாள்தோறும் ஒரு மீட்டர் ஏறி இறங்கும் அணையென்றால் என் கட்சியை விட்டுவிட்டுப் பிளவு ஏணிக்கே போவேன். 10 மீட்டரைத் தாண்டிய அணைகளுக்கு இந்தக் கணக்கை அப்படியே நீட்டவும் துணியமாட்டேன்.

வாய்க்காலில் அதிகம் தவறுவது கடைசி முனைதான். 90 மீட்டரையும் நேராகவே ஓடவிட்டால் அது ஆற்றில் வெகு கீழே போய்த் திறக்கும். மீன் அதைக் கடந்து வந்து அணையடியில் முட்டிக்கொண்டு நிற்கும். வாய்க்காலை மடித்துத் திருப்பி, முனையை அணையின் காலடிக்கே கொண்டுவர வேண்டும்.