வாத்துகளோடு பத்துக் காலைகள்: திட்டுவிளைப் பக்கம் ஒரு நாய்ப் பயிற்சி

எங்கள் வீட்டு நாய் பார்டர் கோலி, ஆடு மேய்க்கப் பழக்கிய பிரிட்டன் இனம். பெயர் ஜூனோ, பெண், மூன்று வயது. நாங்கள் தேடி வாங்கியதில்லை. பெங்களூரில் அடுக்குமாடி வீட்டில் இருந்த கணவரின் சித்தி மகன் வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது, "தோவாளையில இடம் கெடக்கு, காத்து கெடக்கு, பிள்ளையளுக்கும் கூட்டாச்சு" என்று கொண்டுவந்து விட்டுப் போனார். கணவர் மஸ்கட்டில் இருக்கிறார். கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளை வீட்டில் நான், அத்தை, எட்டாம் வகுப்பு படிக்கும் மகள், இரண்டாம் வகுப்பு படிக்கும் மகன். நான் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். சோறு வைத்தால் வாலாட்டும், ராத்திரி குரைக்கும். நாயைப் பற்றி எனக்கு அதுவரை தெரிந்தது அவ்வளவுதான்.

ஒரே மாதத்தில் புரிந்துவிட்டது, இது அந்த மாதிரி நாய் இல்லை. மகனும் கூட்டாளிகளும் முற்றத்தில் ஓடி விளையாடினால் ஜூனோ அவர்களைச் சுற்றிச் சுற்றி வந்து ஒரு மூலைக்கு ஒதுக்கும். எவனாவது பிரிந்து ஓடினால் குதிகாலில் ஒரு சின்னக் கவ்வு. தெருவில் பைக் சத்தம் கேட்டால் வயிறு தரையில் படப் பதுங்கி, இமைக்காமல் பார்த்திருந்து, பக்கத்தில் வந்ததும் பாயும். நான் கேட் கொண்டியைத் தூக்குவதை இரண்டு நாள் கவனித்தது. மூன்றாம் நாள் மூக்கால் தட்டித் தானே திறந்துகொண்டு வெளியே போய்விட்டது.

என்னை நிஜமாகவே பயமுறுத்தியது நிழல்தான். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற காற்றாலையின் இறக்கை நிழல் சாயங்காலம் எங்கள் காலி மனையில் விழுந்து சுழலும். ஜூனோ அதைத் துரத்தத் தொடங்கியது. கூப்பிட்டால் காதில் ஏறாது. சாப்பாடு காட்டினாலும் திரும்பாது. ஒருநாள் உள்ளங்கால் தோல் கிழிந்து சிமென்ட் தரையெல்லாம் ரத்தத் தடம். அப்போதும் நிற்கவில்லை. வெயில் சாய்ந்து நிழல் மறைந்த பிறகுதான் மூச்சிரைத்துப் படுத்தது.

அதே வாரம் மகனின் குதிகாலில் பல் கொஞ்சம் ஆழமாகப் பதிந்து தோல் கீறிவிட்டது. ஜூனோவுக்குத் தடுப்பூசி எல்லாம் போட்டிருந்தது. ஆனாலும் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கழுவி, ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போய் அவனுக்கும் ஊசி போட்டோம். இதில் நாய் நம்முடையது, ஊசி போட்டது என்று யாரும் அசட்டையாக இருந்துவிடக் கூடாது. தெருவில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "கடி நாய், கொண்டு விட்டிரு டீச்சர்."

விட மனசு வரவில்லை. வேறொரு ஊரில் ஒரு பயிற்சி இடத்தில் இரண்டு வாரம் விட்டோம். இழுத்தால் கழுத்தை இறுக்குகிற சங்கிலியும் குச்சியும் போட்டு அடக்கி அனுப்பினார்கள். திரும்பி வந்த ஜூனோ யாரையும் துரத்தவில்லை, யாரையும் பார்க்கவும் இல்லை. நான்கு நாள் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. அந்த இரண்டு வாரத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

அதற்குப் பிறகுதான் கால்நடை மருத்துவமனையில் ஒருவர் சொல்லி, நான் இங்கே எழுத வந்த பயிற்சியாளரிடம் போனோம். திட்டுவிளைப் பக்கம் ஒரு தென்னை விளைதான், அதாவது தென்னந்தோப்புதான், அவருடைய பயிற்சி மைதானம். பெயர்ப்பலகை கிடையாது, கடைப்பெயரும் கிடையாது. ராணுவத்தில் நாய்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மீரட்டில் பயிற்சி எடுத்தவர். ஊர்க்காரர்களிடம் "பட்டாளத்து அண்ணன், நாய் பழக்குகிறவர்" என்று கேட்டால் வழி காட்டுவார்கள்.

நாயைக் கொண்டுவாருங்கள் என்று அவர் சொல்லவில்லை. முதலில் அவரே வீட்டுக்கு வந்தார். அதற்கு 500 ரூபாய் வாங்குகிறார். வந்து ஒன்றரை மணி நேரம் திண்ணையில் சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் புகார்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, கேட்டு முடித்துவிட்டு, "டீச்சர், இது சேட்டை இல்ல. அதுக்க ஜோலி. நீங்க ஜோலி குடுக்கல்லன்னா அதுவே ஒரு ஜோலிய தேடிக்கிடும்" என்றார். எங்கள் வீட்டு நிலைமையே அந்த வாக்கியத்துக்குள் இருந்தது.

அப்புறம் அவர் விளக்கியதை என் வார்த்தையில் எழுதுகிறேன். ஓநாய் வேட்டைக்குப் போனால் இரையைக் கண்ணால் குறிவைக்கும், பதுங்கும், துரத்தும், கடிக்கும், கொல்லும். மேய்ப்பு நாய்களில் மனிதன் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்தது இந்த வரிசையின் முதல் பாதியை. பார்டர் கோலிக்குப் பார்வையும் பதுங்கலும் துரத்தலும் முழுசாக இருக்கும், கடியும் கொலையும் மங்கிப்போயிருக்கும். கோர்கி மாதிரி மாட்டை ஓட்டப் பழக்கிய இனங்களில் குதிகாலைக் கவ்வுகிற பழக்கத்தையும் வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். மாடு கண்ணுக்குப் பயப்படாது, அதனால். ஆக, ஜூனோ என் மகனைக் கடிக்கவில்லை. மந்தையிலிருந்து பிரிந்த ஒன்றைத் திருப்பிக் கொண்டுவந்தது. இதைக் கேட்டதும் ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் அவர் உடனே, "அதுக்காக விட்டுரப்பிடாது, பிள்ளைக்க காலு ஆட்டுக்கால் இல்ல" என்றார். பிள்ளைகள் ஓடி விளையாடும்போது நாய் உள்ளே இருக்க வேண்டும், அல்லது நீளக் கயிற்றில் ஒரு பெரியவர் கையில் இருக்க வேண்டும். இது அவருடைய முதல் சட்டம்.

இரண்டாவது சட்டம் நிழலுக்கு. இந்த இனத்து நாய்களுக்கு ஒளியையும் நிழலையும் துரத்துகிற பழக்கம் வெறியாக மாறிவிடும், லேசர் விளக்கை விளையாட்டுக்குக்கூடக் காட்டக் கூடாது என்றார். பிடிக்க முடியாத ஒன்றைத் துரத்துகிற நாய்க்கு வேலை முடிந்தது என்ற நிம்மதியே கிடைக்காது. சாயங்காலம் நான்கரையிலிருந்து ஆறு வரை பின்மனைப் பக்கமே விடாதீர்கள், அந்த நேரத்துக்கு வேறு வேலை கொடுங்கள் என்றார்.

கிளம்பும் முன் ஒரு கேள்வி கேட்டார்: உண்ணிக்கு ஐவர்மெக்டின் போட்டீர்களா? நம் ஊரில் உண்ணி, சொறி என்றால் அந்த மருந்துதான் முதலில் நினைவுக்கு வரும். கோலி வகை நாய்கள் சிலவற்றின் உடலில் ஒரு மரபணுக் குறை உண்டு. அது இருந்தால், உண்ணிக்கும் சொறிக்கும் போடுகிற அளவில் அந்த மருந்து மூளைக்குள் போய்ச் சேர்ந்து நாய் தள்ளாடும், மயங்கும், சாகவும் செய்யும். 2001இல் அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இந்த மரபணுக் குறையைக் கண்டுபிடித்தார்கள். இதே வகையில் இன்னொரு இனமான ரஃப் கோலியில் இது மிக அதிகம், பார்டர் கோலியில் குறைவு. ஆனாலும் ஊசிக்கு முன்னால் இனத்தைச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள் என்றார். நான் கொடுத்த 500 ரூபாய்க்கு இந்த ஒரு தகவலே போதும்.

வகுப்பு பத்து, மொத்தம் 6,000 ரூபாய். காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஏழரைக்குள் முடித்துவிடுகிறார். இந்த நாய்களுக்கு இரட்டை ரோமம், வெயில் ஏறினால் தாங்காது. அதற்காக மொட்டை அடிப்பதும் தவறு என்கிறார். வீட்டில் நாயோடு இருக்கிற எல்லோரும் ஒரு வகுப்பாவது வர வேண்டும் என்பது நிபந்தனை. அத்தையும் வந்தார்கள்.

இனி வாத்துக் கதை. விளையின் ஓரத்தில் வலை கட்டிய அடைப்பில் பன்னிரண்டு வாத்து வைத்திருக்கிறார். வெளிநாடுகளிலும் புது நாய்களை வாத்தில் பழக்குவது உண்டாம். வாத்து ஆட்டைப்போலவே கூட்டமாக நகரும், ஆனால் மெதுவாக நகரும். நாய்க்கும் யோசிக்க நேரம் கிடைக்கும். கன்னிப்பூ என்கிற முதல் போக நெல் அறுப்பு முடிந்த வயலில் வாத்து மேய்க்கிறவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். நீளக் கம்பும் வாயில் ஒரு சத்தமுமாக ஒரே ஆள் நூற்றுக்கணக்கான வாத்தைத் திருப்புவார். அந்தக் கம்பின் வேலையை ஒரு நாய் செய்யும் என்று நினைத்ததே இல்லை.

மூன்றாம் வகுப்பில் நீளக் கயிறோடு ஜூனோவை உள்ளே விட்டார். என்னை அடைப்பின் ஒரு பக்கம் நிற்கச் சொன்னார். நடுவில் வாத்துகள். ஜூனோ அகலமாக ஒரு வளைவு போட்டு, வாத்துகளுக்கு அந்தப் பக்கம், எனக்கு நேர் எதிரே போய் நின்றது. நான் இரண்டு அடி இடப்பக்கம் நகர்ந்தேன். அதுவும் எதிர்முனையில் அதே அளவு நகர்ந்தது. வலப்பக்கம் நகர்ந்தேன். அதற்கும் சரியாக ஈடு கொடுத்தது. வாத்துக்கூட்டம் வட்டத்தின் மையம், நான் விட்டத்தின் ஒரு முனை, நாய் மறுமுனை. பதினெட்டு வருஷமாகக் கரும்பலகையில் வரைகிற படம், காம்பஸ் இல்லாமல் ஒரு நாய் புல்லில் போடுகிறது. யார் சொல்லிக் கொடுத்தது? யாரும் இல்லை. மந்தையை மனிதனிடம் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்பது அதன் ரத்தத்தில் இருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இதைத்தான் அந்தப் பழைய பயிற்சி இடத்தில் சங்கிலி போட்டு நசுக்கப் பார்த்தார்கள்.

ஜூனோ ஒரு தடவைகூடக் குரைக்கவில்லை, பார்வையாலேயே வேலை செய்தது. இந்த அமைதிக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. இங்கிலாந்தின் வடக்கு எல்லையில் நார்தம்பர்லாந்தில் 1893இல் பிறந்த ஓல்ட் ஹெம்ப் என்ற நாய் இப்படித்தான் சத்தமில்லாமல் கண்ணால் ஆட்டைத் திருப்பியது. இன்றைய பார்டர் கோலிகளின் வம்சம் அதில் போய்த்தான் சேருகிறது. நம் பக்கம் கிடை போட, அதாவது உரத்துக்காக ராத்திரி வயலில் ஆட்டை அடைக்க, வருகிற ஆட்டுக்காரர்களிடமும் நாய் உண்டு. அவற்றின் வேலை ராத்திரி கிடையைக் காப்பது, ஆட்டைத் திருப்புவது மேய்ப்பவரின் குரலும் கம்பும்தான். காக்கிற நாய்க்கும் மேய்க்கிற நாய்க்கும் புத்தி வேறு என்பதை அங்கே நின்றுதான் புரிந்துகொண்டேன்.

கட்டளைகளை அவர் தமிழில் வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்தது. பிரிட்டன் மேய்ப்பர்கள் 'கம் பை' என்றால் நாய் கடிகாரச் சுற்றில் போகும், 'அவே' என்றால் எதிர்ச்சுற்று. இவர் முதலாவதற்கு 'வலம்' என்கிறார், கோயிலைச் சுற்றுவது போலத்தான். மற்றதற்கு 'இடம்'. படுக்க 'கிட'. வேலையை முடித்துவிட்டு வர 'போதும்'. இந்த 'போதும்' என்பதற்கே இரண்டு வகுப்பு செலவழித்தார். தொடங்கத் தெரிந்த நாய்க்கு நிறுத்தச் சொல்லிக் கொடுப்பதுதான் பெரிய வேலை என்றார். இப்போது பைக்கைப் பார்த்துப் பதுங்கினாலும் 'போதும்' என்றால் திரும்பி என் முகத்தைப் பார்க்கிறது. பத்துக்கு எட்டுத் தடவை. மீதி இரண்டுக்காகக் கயிறு இன்னும் என் கையில்தான் இருக்கிறது.

சாயங்கால வேலைக்கு அவர் சொன்னது பெயர் விளையாட்டு. அமெரிக்காவில் ஜான் பில்லி என்ற ஓய்வு பெற்ற உளவியல் பேராசிரியர் தன் பார்டர் கோலி சேசருக்கு 1,022 பொம்மைகளின் பெயரைக் கற்றுக்கொடுத்து, 2011இல் அதை ஆய்வாக வெளியிட்டார். மூன்று வருஷ உழைப்பு. என் மகள் அதைப் படித்துவிட்டு உடனே தொடங்கிவிட்டாள். ஜூனோவுக்கு இப்போது பதினொரு பெயர் தெரியும். அத்தையின் கண்ணாடிக்கூடு அதில் ஒன்று. நான்கரை மணிக்கு இந்த விளையாட்டு, அப்புறம் ஆறு மணிக்குக் கோழிகளைக் கூட்டில் அடைக்கிற வேலை. எங்களிடம் ஏழு கோழி. ஆறுதான் உள்ளே போயிருந்தால் ஜூனோ கூட்டு வாசலை விட்டு வராது. ஒருநாள் நாங்கள் திட்டித் திட்டிக் கூப்பிட்டும் நகரவில்லை. போய்ப் பார்த்தால் ஒரு கோழி வைக்கோல் படப்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். விளையில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. அவர் மனைவி பிளாஸ்கில் கட்டன் சாயா கொண்டுவருகிறார், அன்பான மனுஷி, ஆனால் அது தீர்வாகாது. நமக்கு இரண்டு மழைக்காலம். மழை வந்தால் வகுப்பு கிடையாது, அதை முன்கூட்டிச் சொல்வதும் கிடையாது. இரண்டு தடவை விடியக்காலை ஆட்டோவில் போய்த் திரும்பினோம், ஒவ்வொரு தடவையும் 350 ரூபாய் ஆட்டோவுக்குப் போனது. பதில் வகுப்பை அவர் பணம் வாங்காமல் எடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். போன் பெரும்பாலும் எடுக்க மாட்டார், ராத்திரி எட்டுக்கு மேல் கூப்பிடுங்கள். நாயைத் தங்கவைத்துப் பழக்குவது இல்லை. ஊருக்குப் போகும்போது விட்டுப் போகலாம் என்று நினைக்கிறவர்களுக்கு இந்த இடம் சரிவராது.

ஒருநாள் மார்த்தாண்டம் பக்கமிருந்து ஒரு தம்பதி வந்திருந்தார்கள். படத்தில் பார்த்து ஆசைப்பட்டு பார்டர் கோலிக் குட்டி வாங்கலாமா என்று கேட்டார்கள். இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், மாடி வீடு. "தினம் ரெண்டு மணிக்கூர் உங்களால குடுக்க முடியுமா? இல்லன்னா வேண்டாம் மக்களே, அது பாவம்" என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பிவிட்டார். அவர்களிடம் 6,000 ரூபாய் வாங்கியிருக்கலாம். அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது அன்றைக்குத்தான்.

ஜெர்மன் ஷெப்பர்டு வைத்திருக்கிறவர்களும் வருகிறார்கள். அவற்றுக்கு வாத்து வேலை இல்லை, மோப்பமும் தேடலும்தான். ஒரு காலையில் இரண்டு நாய்க்கு மேல் எடுப்பதில்லை, வெள்ளியும் ஞாயிறும் லீவு. கும்பப்பூ என்கிற இரண்டாம் போக நெல் அறுப்பு முடிந்து ஆட்டுக்கிடை வந்ததும், ஆட்டுக்காரரிடம் கேட்டு ஜூனோவை ஒருநாள் ஆட்டில் விட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறார். கணவர் அப்போது லீவில் வருகிறார், அவரையும் கூட்டிப் போகிறேன்.