குடிலுக்கு வாங்கிய 12 வோல்ட் வயரிங் கிட்: ஃபியூஸ் பாக்ஸ் அருமை, வயர் போதவே போதாது

கரன்ட் லைன் வராத இடத்தில் ஒரே அறையும் சமையல் மூலையுமாகச் சின்னக் குடில் போட்டிருக்கிறோம். 100 ஆம்பியர் ஹவர் லித்தியம் பேட்டரி ஒன்று, கூரையில் இரண்டு சோலார் பேனல், 6 எல்இடி விளக்கு, ஒரு டிசி ஃபேன், தண்ணீர் பம்ப், போன் சார்ஜ் போட ஒரு பாயின்ட், அவ்வளவுதான். தனித்தனியாகப் பொருள் தேட நேரமில்லாமல், எல்லாம் உள்ளேயே இருக்கிறது என்று விற்ற கிட் ஒன்றை வாங்கினேன். மாட்டி எட்டு மாதம் ஆகிறது.

ஃபியூஸ் பாக்ஸை மனதாரப் பாராட்டுவேன். 12 வழி, கார்களில் வருகிற அதே பிளேடு ஃபியூஸ், எல்லா நெகட்டிவ் வயரையும் ஒரே இடத்தில் சேர்க்கும் பஸ்பாரும் (உலோகப் பட்டை) கூடவே இருக்கிறது. ஃபியூஸ் போனால் பக்கத்திலேயே குட்டியாகச் சிவப்பு விளக்கு எரியும். ஒருநாள் ராத்திரி மழையில் ஃபேன் நின்றுவிட்டது, மூடியைத் திறந்ததுமே எந்த லைன் என்று தெரிந்துவிட்டது. காலையில் பார்த்தால் கூரை இடுக்கில் எலி வயரைக் கடித்து, இரண்டு கம்பியும் ஒட்டிக் கிடக்கின்றன. மாலைக்குள் சரிசெய்துவிட்டேன்.

ஆனால் வயர்! சுருள் முழுக்க 1.5 ஸ்கொயர் எம்எம். விளக்குக்கு அது தாராளம். பம்ப் பேட்டரியிலிருந்து 9 மீட்டர் தள்ளி இருக்கிறது, ஓடும்போது 8 ஆம்பியர் இழுக்கும். முதல் நாளே பம்ப் முனகிக்கொண்டுதான் ஓடியது. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், பேட்டரியில் 13.1 வோல்ட், பம்ப் முனையில் 11.3. போக 9, வர 9 என்று 18 மீட்டர் கணக்கு, அந்தத் தடிமனில் கிட்டத்தட்ட 0.22 ஓம், 8 ஆம்பியருக்கு 1.8 வோல்ட் வழியிலேயே சூடாகப் போய்விடுகிறது. 230 வோல்ட் லைனில் இதே இழப்பு கண்ணுக்கே தெரியாது, 12 வோல்ட்டில் ஏழில் ஒரு பங்கு. 6 ஸ்கொயர் எம்எம் வாங்கி மாற்றினேன், இப்போது இழப்பு அரை வோல்ட்டுக்கும் கீழே, பம்ப் சத்தமே மாறிவிட்டது.

அப்புறம் ஃபியூஸ். 12 வழிக்கும் 20 ஆம்பியரே கொடுத்திருக்கிறார்கள், இது எனக்கு நிஜமாகவே கோபம் வந்த இடம். ஃபியூஸ் முதலில் காப்பாற்ற வேண்டியது வயரை, அதனால் வயர் தாங்குகிற அளவுக்குள் அது இருக்க வேண்டும். விளக்குக்கு 5, பம்ப்புக்கு 15 என்று மாற்றிப் போட்டேன். பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டி ஒரு மெயின் ஃபியூஸ் கட்டாயம் வேண்டும், கிட்டில் அதுவும் இல்லை. லித்தியம் பேட்டரி ஷார்ட் ஆனால் கணநேரத்தில் பாயும் கரன்ட் சாதாரணமானதல்ல, உள்ளே இருக்கும் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் மின்னணு சர்க்யூட்) பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள்.

பேனல் பக்கத்துக்கு என்று வந்த பிரேக்கரில் ஏசி ரேட்டிங் மட்டுமே அச்சிட்டிருந்தது, அதை மாட்டவே இல்லை. பிரேக்கர் விழும்போது உள்ளே முனைகள் பிரியும் இடத்தில் பொறி பறக்கும். 50 ஹெர்ட்ஸ் ஏசி நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடும், பொறி அந்த நேரத்தில் அணைந்துவிடும். டிசியில் அந்த இடைவெளி கிடையாது, பிரேக்கர் விழுந்த பிறகும் உள்ளே பொறி எரிந்துகொண்டே இருக்கலாம். டிசி என்று போட்டு, உங்கள் பேனல் வோல்டேஜுக்கு மேலான ரேட்டிங்கும் இருக்கிறதா என்று பார்த்துத் தனியாக வாங்குங்கள்.

வயர் நுனியில் மாட்டும் லக்குகள் பரவாயில்லை, கிரிம்ப் செய்து (கருவியால் அழுத்தி) இழுத்துப் பார்த்ததில் எதுவும் கழன்று வரவில்லை.

விளக்கும் ஃபேனும் மட்டும், எல்லாம் பேட்டரிக்கு 4, 5 மீட்டருக்குள் என்றால், ஃபியூஸை மாற்றி மெயின் ஃபியூஸ் சேர்த்துக்கொண்டு இந்தக் கிட்டையே போடலாம். பம்ப், ஃபிரிட்ஜ் மாதிரி ஏதாவது இருந்தால் முதலில் டேப் பிடித்துத் தூரம் அளந்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஆம்பியர் என்று எழுதி, வயர் தடிமன் முடிவான பிறகு ஃபியூஸ் பாக்ஸை மட்டும் தனியாக வாங்குங்கள். இன்னும் எதையுமே வாங்கவில்லை என்றால் 24 வோல்ட்டை யோசிக்கலாம். அதே வாட்டுக்குப் பாதி கரன்ட், அதே வயரில் இழப்புச் சதவீதம் நான்கில் ஒன்றாகிவிடும்.